12 வோல்ட்டா, 20 வோல்ட்டா, 388 வோல்ட்டா? இம்பாக்ட் மெஷின் வாங்கப் போகிறவருக்கு ஒரு பதில்

தெஹிவளைப் பக்கம் இருந்து ஒருவர் கேட்டிருப்பது இது. கூரைக்கு அமானோ சீட் எனப்படும் உலோகத் தகடு அடிக்கிறார், இடையில் கதவு, பென்ட்ரி அலுமாரி பொருத்தும் வேலையும் வருகிறது. சொந்தமாக ஒரு வேன் ஓடுகிறது, அதன் சில்லு நட்டுகளையும் அதே மெஷினால் கழற்றிவிட நினைக்கிறார். கொழும்பில் பழைய சோனகத் தெருவில் ஒரு கடைக்காரர் 12 வோல்ட் போதும் என்றாராம். அடுத்த கடையில் 20 வோல்ட்டுக்குக் குறைந்து எடுக்காதே என்றார்களாம். மூன்றாவது கடையில் 388 என்று கொட்டை எழுத்தில் அச்சடித்த பெட்டியைத் திறந்து காட்டி, இதைவிடப் பலமானது கிடையாது என்றார்களாம். எதை எடுப்பது?

கேள்வி வோல்ட்டைப் பற்றியது போல இருக்கிறது. உண்மையில் அதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. மெஷினின் மூக்கில் கால் இஞ்சி அறுகோண வாய் வேண்டுமா, அரை இஞ்சிச் சதுரம் வேண்டுமா என்பது முதலாவது. அந்த மூக்கை நாள் முழுக்கச் சூடேறாமல் அடிக்க வைக்கப் பற்றரிக்குள் எத்தனை செல் வேண்டும் என்பது இரண்டாவது. வோல்ட் இந்த இரண்டாவதில்தான் வருகிறது, அதிலும் பாதிப் பங்கோடு. முதலாவதை முடிவு செய்யாமல் கடைக்குப் போனால் கடைக்காரர் முடிவு செய்துவிடுவார்.

வேறொரு குழப்பத்தையும் முதலிலேயே தீர்த்துவிட வேண்டும். நம்மூர்க் கடைகளில் "இம்பாக்ட் ட்ரில்" என்று கேட்டால் சுவரில் துளை போடும் மெஷினைத்தான் எடுத்து வைப்பார்கள். அது பிட்டை நேராக, முன்னும் பின்னுமாக அடிப்பது. நாம் பேசும் இம்பாக்ட் ட்ரைவரும் (திருகாணிக்கு, கால் இஞ்சி அறுகோண வாய்) இம்பாக்ட் ரென்ச்சும் (நட்டுக்கு, அரை இஞ்சிச் சதுரம்) சுழலும் திசையில் பக்கவாட்டாக அடிப்பவை. இவற்றால் கொங்கிரீட்டில் துளை போட முடியாது. அதுபோல, சுவர் ட்ரில்லில் எவ்வளவு வோல்ட் இருந்தாலும் சில்லு நட் அசையாது.

ட்ரைவர், ரென்ச் இரண்டுக்கும் உள்ளே இருப்பது ஒரே ஏற்பாடுதான். மோட்டார், அதன் முன்னால் வேகத்தைக் குறைக்கும் சிறு பற்சில்லுகள், அதற்கு முன்னால் கனமான உருக்கு வளையம் ஒன்று. அந்த வளையம்தான் சுத்தியல். அதன் முகத்தில் இரண்டு புடைப்புகள், முதுகில் ஒரு தடித்த ஸ்ப்ரிங். சுத்தியல் ஏறியிருக்கும் தண்டில் 'வி' வடிவப் பள்ளமும், அதில் உருளும் இரண்டு உருக்குக் குண்டுகளும் இருக்கும். சுத்தியலுக்கு முன்னால் இரண்டு காதுகளோடு நிற்பது பட்டடை. வெளியே தெரியும் அறுகோண வாயும் சதுரமும் அதன் மறுமுனைதான். சுமை குறைவாக இருக்கும்வரை சுத்தியலும் பட்டடையும் ஒன்றாகச் சுழலும். திருகாணி இறுகத் தொடங்கியதும் பட்டடை நின்றுவிடும், ஆனால் மோட்டார் நிற்காது. சுத்தியல் பள்ளத்தில் வழுக்கிப் பின்னால் ஏறி, ஸ்ப்ரிங்கை நசுக்கி, காதைத் தாண்டும். தாண்டிய கணம் ஸ்ப்ரிங் அதை முன்னால் எறியும், அடுத்த காதில் போய் மோதும். நிமிடத்துக்கு 3000 முதல் 4000 தடவை இது நடக்கிறது. அடி வெளியே போகிறது, கைக்குத் திரும்பி வருவது சிறு அதிர்வு மட்டும். அதனால்தான் 180 நியூட்டன் மீற்றர் (முறுக்கு வலுவின் அளவு) என்று போட்ட மெஷினை ஒரு கையால் பிடிக்க முடிகிறது. அதே வலு சாதாரண ட்ரில்லில் வந்தால் மணிக்கட்டு திருகிவிடும்.

அடியின் பலத்தைத் தீர்மானிப்பவை சுத்தியலின் எடையும், மோதும் கணத்தில் அதன் வேகமும், ஸ்ப்ரிங்கின் விறைப்பும். பற்றரியின் வோல்ட் அந்தச் சங்கிலியில் மிகவும் பின்னால் நிற்கிறது. மக்கீட்டா கம்பனி தன் மெஷின்களுக்குத் தானே கொடுத்திருக்கும் கணக்கைப் பாருங்கள். 12 வோல்ட் ட்ரைவர் டி.டி. 111 தருவது 135 நியூட்டன் மீற்றர். 18 வோல்ட் டி.டி.டி. 153 தருவது 170. 40 வோல்ட் என்று விற்கும் டி.டி. 001 தருவது 220. வோல்ட் மூன்று மடங்குக்கு மேல் கூடியும் வலு இரண்டு மடங்குகூட ஆகவில்லை. இனி ரென்ச் பக்கம் வாருங்கள். டி.டி.டபிள்யூ. 190 தருவது 190, டி.டி.டபிள்யூ. 285 தருவது 280, டி.டி.டபிள்யூ. 1002 தருவது 1000. மூன்றும் ஒரே 18 வோல்ட் பற்றரியில் ஓடுபவை. வோல்ட் அப்படியே இருக்க, சுத்தியலும் பட்டடையும் பருத்ததால் வலு ஐந்து மடங்காகிறது. இன்னும் தெளிவாக வேண்டுமென்றால், மில்வோக்கியின் அரை இஞ்சிக் குட்டை ரென்ச் ஒன்று 12 வோல்ட்டில் 339 என்று போடுகிறது. மேலே சொன்ன 18 வோல்ட் டி.டி.டபிள்யூ. 285-இன் 280-ஐ அது எண்ணில் முந்துகிறது.

இந்த எண்களில் உறுதியானது எது, சந்தேகமானது எது என்பதையும் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒரே கம்பனியின் இரண்டு மெஷின்களை ஒப்பிட அவை நம்பத் தகுந்தவை. வேறு வேறு கம்பனிகளை அந்த எண்களை வைத்து ஒப்பிடுவது பாதி ஊகம்தான். எவ்வளவு பெரிய போல்ட்டில், எத்தனை விநாடி அடித்து, எந்தப் பற்றரியோடு அளந்தார்கள் என்பது கம்பனிக்குக் கம்பனி மாறும். கழற்றும் வலு என்று தனியாகப் போடும் பெரிய எண்ணை இன்னும் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும். இறுக்கும் வலு 1000 என்ற அதே மெஷினுக்குக் கழற்றும் வலு 1600 என்று பெட்டியில் இருக்கும். பெட்டியில் ஒரே எண் மட்டும் இருந்து, அது எது என்று எழுதாமல் விட்டிருந்தால், கழற்றும் எண் என்றே வைத்துக்கொள்ளுங்கள். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் பெயர் தெரியாத மெஷின்களின் எண்களை எந்தக் கணக்கிலும் சேர்க்க வேண்டாம்.

இனி மூக்கு. கால் இஞ்சி அறுகோணம் என்பது 6.35 மில்லிமீற்றர், அரை இஞ்சிச் சதுரம் 12.7 மில்லிமீற்றர். ஒரு தண்டின் தடிப்பு இரண்டு மடங்கானால் அது தாங்கும் முறுக்கு வலு ஏறக்குறைய எட்டு மடங்காகும். ட்ரைவரின் வாயில் கால் இஞ்சியிலிருந்து அரை இஞ்சிக்கு மாற்றும் அடப்டரைச் செருகி, அதில் 21 மில்லிமீற்றர் சொக்கெட்டை மாட்டி, சில்லு நட்டில் வைத்து அடிப்பவர்கள் நிறையப் பேர். அப்போது நடப்பது இரண்டு. மெல்லிய கழுத்து ஒவ்வோர் அடிக்கும் ஸ்ப்ரிங் போல முறுகி மீள்வதால், அடியின் பெரும் பங்கு நட்டுக்குப் போகாமல் அங்கேயே சூடாகிப் போகிறது. 180 என்ற எண் நட்டில் 180 ஆக இருக்காது. அடுத்தது, கழுத்து களைத்துவிடுகிறது. தூக்கிப் போட்ட அடப்டர் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால் கதை தெரியும்: அறுகோணத்தின் ஆறு விளிம்புகளும் நேராக ஓடாமல் கயிற்றுப் புரி போல ஒருபக்கம் சாய்ந்திருக்கும், உடைந்த இடம் சதுரத்துக்குச் சற்றுக் கீழே சாம்பல் நிறத்தில் குழிந்திருக்கும். விளிம்புகள் சாய ஆரம்பித்த அடப்டரைப் பிறகு பாவிக்கக் கூடாது. உடையும்போது சொக்கெட்டின் எடையும் சேர்ந்து தெறிக்கும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. அரை இஞ்சி ரென்ச்சில் பிட் ஹோல்டர் மாட்டித் திருகாணி அடிக்கலாமே என்பார்கள். சுழலும், ஆனால் சதுரத்துக்கும் ஹோல்டருக்கும் இடையே ஆட்டம் இருப்பதால் பிட் நேராக நிற்காது. ரென்ச்சின் சுத்தியல் கனமானது, முதல் அடியிலேயே 8ஆம் இலக்கத் திருகாணியின் தலை துண்டாகிவிடும். எடையும் ஒரு பிரச்சினை. பற்றரியோடு ட்ரைவர் ஒன்றரைக் கிலோவைச் சுற்றி நிற்கும், பெரிய அரை இஞ்சி ரென்ச் மூன்று கிலோவைத் தாண்டும். கூரையில் ஒரு கையால் சீட்டைப் பிடித்துக்கொண்டு மறு கையால் தூக்கும் பொருள் அதுவல்ல.

சரி, அப்படியானால் வோல்ட் என்ன செய்கிறது? மின்னோட்டத்தைக் குறைக்கிறது. மெஷின் 400 வாட் இழுக்கிறது என்று வையுங்கள். 10.8 வோல்ட்டில் அது 37 அம்பியர், 18 வோல்ட்டில் 22, 36 வோல்ட்டில் 11. வயர், சுவிட்ச், பற்றரிக் கால்கள் ஆகியவற்றில் எழும் சூடு மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். வோல்ட் இரட்டித்தால் அதே வயரில் சூடு நாலில் ஒன்றாகும். பெரிய மெஷின்களை 36 வோல்ட்டுக்குக் கொண்டுபோனது இதற்காகத்தான், விளம்பரத்துக்காக மட்டும் அல்ல. ஆனால் செல்லுக்குள் நடப்பது வேறு. அம்பியர் மணி என்பது பற்றரி எவ்வளவு மின்னைத் தேக்கும் என்ற அளவு. 18 வோல்ட் 5 அம்பியர் மணிப் பற்றரியில் வழக்கமாகப் பத்துச் செல்கள்: ஐந்து வரிசையாக, ஒவ்வொன்றும் இரட்டையாக. 36 வோல்ட் 2.5 அம்பியர் மணிப் பற்றரியிலும் அதே பத்துத்தான், ஒரே வரிசையாக. இரண்டிலும் இருப்பது 90 வாட் மணி. 400 வாட் இழுத்தால் இரண்டிலும் ஒவ்வொரு செல்லும் கொடுப்பது 11 அம்பியர். செல்லுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. மூன்று செல் மட்டும் உள்ள 12 வோல்ட் பற்றரியில் ஒவ்வொரு செல்லும் 37 அம்பியரைத் தனியாகச் சுமக்கிறது. 12 வோல்ட் மெஷின் பத்துத் திருகாணிக்குச் சிங்கம் போல இருந்துவிட்டு நூறாவதில் முனகுவதன் காரணம் அதுதான்.

18 வோல்ட்டுக்குள்ளேயே ஒரு பிழை அடிக்கடி நடக்கிறது. பெரிய ரென்ச்சை வாங்கி, ட்ரைவரோடு வந்த 1.5 அம்பியர் மணிச் சிறு பற்றரியை அதில் மாட்டுவார்கள். அதில் ஐந்தே செல். அடி தொடங்கியதும் வோல்ட் சரிந்து, சுத்தியலின் வேகம் விழுந்து, நட் அசையாமல் நிற்கும், அல்லது பாதுகாப்புச் சுற்று மெஷினையே நிறுத்திவிடும். மெஷின் பழுது என்று திருப்பிக் கொடுக்க வருவார்கள். பத்துச் செல் பற்றரியை மாட்டினால் அதே மெஷின் அதே நட்டைக் கழற்றும்.

பெட்டியில் உள்ள எண்களைப் படிப்பது எப்படி? லித்தியம் செல் ஒன்றின் சராசரி 3.6 வோல்ட், முழுச் சார்ஜில் 4.2. மூன்று செல் என்றால் 10.8, அதையே 12 என்று விற்கிறார்கள். ஐந்து செல் என்றால் 18. அதையே ஒரு கம்பனி 18 என்றும், இன்னொன்று 20 என்றும், வேறொன்று 21 என்றும் போடுகிறது. மூன்றும் ஒரே பொருள்தான், 20 என்பது 18-ஐவிட இரண்டு வோல்ட் பலம் அல்ல. பத்துச் செல் என்றால் 36, அதன் விற்பனைப் பெயர் 40. அப்படியானால் 48, 88, 198, 388 எல்லாம்? 388 வோல்ட் வேண்டுமென்றால் 100-க்கு மேல் செல்களை வரிசையாக அடுக்க வேண்டும், செல்களின் எடை மட்டும் ஐந்து கிலோவைத் தொடும். அந்தப் பெட்டியில் உள்ள எண் வோல்ட்டே அல்ல, சில பெட்டிகளில் எண்ணுக்குப் பின்னால் 'வி.எஃப்.' என்று இன்னோர் எழுத்தையும் ஒட்டியிருப்பார்கள். கடையிலேயே சோதித்துவிடலாம். மல்டிமீற்றரை நேர் மின்னோட்ட வோல்ட் அளவில் வைத்து (அம்பியர் அளவில் அல்ல), முழுச் சார்ஜில் உள்ள பற்றரியின் இரண்டு பெரிய கால்களில் தொடுங்கள், இரண்டு முனைகளும் ஒன்றை ஒன்று முட்டாமல். 12.6-ஐ ஒட்டினால் மூன்று செல், 21-ஐ ஒட்டினால் ஐந்து, 42-ஐ ஒட்டினால் பத்து. 388 என்று போட்ட பற்றரியும் 21-இல்தான் நிற்கும்.

அம்பியர் மணியைச் சோதிக்க ஒரு தராசு போதும். வழக்கமான 18650 செல் ஒன்று 45 கிராம் அளவில் இருக்கும். பத்துச் செல், உறை, தகடு, மின்சுற்று எல்லாம் சேர்ந்தால் 600 கிராமைத் தாண்டும். 5 அம்பியர் மணி என்று எழுதிய 18 வோல்ட் பற்றரி 400 கிராம் காட்டினால் உள்ளே ஐந்து செல்தான், எழுத்து பொய். தடித்த 21700 செல்கள் ஐந்தைப் போட்ட பற்றரிகளும் உண்டு. அவை ஒன்று 70 கிராம் வரும், பற்றரி 500 கிராமுக்கு மேல் நிற்கும், நேர்மையான எழுத்து 4 அம்பியர் மணி என்றிருக்கும்.

இப்போது வேலைகளுக்கு வருவோம். கூரைதான் உங்கள் அன்றாடம், அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அமானோ சீட்டை சீ சனலிலோ பொக்ஸ் பாரிலோ அடிக்கும் துளையிடும் திருகாணிக்கு 8 மில்லிமீற்றர் அறுகோணத் தலை. அதற்கு இம்பாக்ட் ட்ரைவர் அருமையான கருவி, 12 வோல்ட்டே போதுமான வலு தரும். இங்கே கெடுதல் வருவது வலு குறைவால் அல்ல, கூடுதலால். திருகாணியின் நுனி துளை போடும் கட்டத்தில் வேகம் 2000 சுற்றை ஒட்டி இருந்தால் நல்லது. புதிய ட்ரைவர்கள் 3600 வரை போகும், அந்த வேகத்தில் அழுத்தினால் நுனி நீலம் பாய்ந்து மழுங்கிவிடும், பிறகு எவ்வளவு அழுத்தினாலும் துளை விழாது. மெஷினில் வேகம் மாற்றும் பொத்தான் இருந்தால் இரண்டாவதில் வையுங்கள். துளை விழுந்து புரி பிடித்ததும் ட்ரிகரைத் தளர்த்துங்கள். தலைக்குக் கீழ் உள்ள ரப்பர் வொஷர் உலோக வொஷரின் விளிம்புவரை இலேசாகப் பிதுங்கும்போது நிறுத்த வேண்டும். விளிம்பைத் தாண்டிச் சப்பையாக வெளியே வந்தால் அந்த ரப்பர் வெயிலில் வெடித்து, அடுத்த பெருமழையில் அந்தத் துளையால்தான் ஒழுகும். 'டக டக' என்று அடிக்கும் சத்தம் கேட்கத் தொடங்கியபின் ஒரு விநாடிகூட அதிகம். மெல்லிய பொக்ஸ் பாரில் அதே ஒரு விநாடி புரியையே அரித்து, திருகாணி சும்மா சுற்றும். இதற்கென்றே அடி தொடங்கியதும் தானாக நிற்கும் முறை சில மெஷின்களில் உண்டு. கூரைக்காரருக்குக் கூடுதல் வோல்ட்டுக்குக் கொடுக்கும் காசைவிட அதற்குக் கொடுக்கும் காசு பெறுமதியானது.

கூரையில் இன்னொரு தொல்லை காந்தச் சொக்கெட்டின் உள்ளே சேரும் இரும்புத் தூள். இருபது முப்பது திருகாணிக்குப் பிறகு தூள் அடியில் தட்டையாகப் படிந்து, தலை முழுதாக உள்ளே போகாமல் நுனியில் தொற்றிக்கொண்டு நிற்கும். பிட் வளைந்து ஆடுவதும், தலையின் மூலைகள் உருண்டு போவதும் அதனால்தான். ஒரு துண்டுக் களிமண்ணையோ பசை நாடாவையோ உள்ளே அழுத்தி எடுத்தால் தூள் அதோடு வந்துவிடும். சீட்டின் மேல் விழுந்த தூளையும் அன்றைக்கே தூரிகையால் தள்ளிவிடுங்கள். தெஹிவளை, வெள்ளவத்தை போன்ற கடற்கரைக் காற்றில் அது மறுநாளே துருப் புள்ளியாகிச் சீட்டில் ஒட்டும். வீட்டுக்காரர் சீட்டைத்தான் குறை சொல்வார்.

மர வேலையில் பலா, தேக்கு போன்ற கடின மரத்துக்கு முன்துளை கட்டாயம். 4 மில்லிமீற்றர் திருகாணிக்கு 3 மில்லிமீற்றர் துளை சரி. பித்தளைத் திருகாணியை இம்பாக்ட்டால் அடிக்கவே வேண்டாம். முதலில் அதே அளவு இரும்புத் திருகாணியை ஏற்றி இறக்கிப் புரி எடுத்துவிட்டு, பித்தளையைச் சவர்க்காரம் தடவிக் கையால் திருப்புங்கள். பலகைப் பெட்டிகளின் கீல்களுக்கும் ஜிப்சம் சீலிங்குக்கும் கிளச் (குறித்த இறுக்கம் வந்ததும் தானே விட்டுவிடும் அமைப்பு) உள்ள சாதாரண ட்ரில்தான் பொருத்தம். மின் பலகையின் பிரேக்கர் திருகுகளை இம்பாக்ட்டால் தொடக் கூடாது. அவை கேட்பது இரண்டு மூன்று நியூட்டன் மீற்றர் மட்டும், அடி விழுந்தால் உள்ளே வெடிப்பது வெளியே தெரியாது.

சில்லு நட்டு வேறு உலகம். நம்மூரில் ஓடும் பெரும்பாலான சிறிய கார், வேன்களின் சில்லு நட்டுகளை இறுக்கச் சொல்லியிருப்பது 85 முதல் 115 நியூட்டன் மீற்றருக்குள். டொயோட்டாவின் பல கார்களுக்கு 103, உங்கள் வண்டிக்குச் சரியான எண் அதன் கைநூலில் இருக்கும். அந்த அளவில் இறுக்கி, துரு ஏறாத நட்டை 200 நியூட்டன் மீற்றர் ரென்ச் எளிதாகக் கழற்றும். ஆனால் நட் அந்த அளவில் இருப்பதில்லை. ரயர் கடையில் காற்றுக் கன்னால் கடைசிவரை அடித்து விட்டிருப்பார்கள், அது சொன்ன அளவைப்போல இரண்டு மூன்று மடங்கு ஆகியிருக்கலாம். அதன்மேல் ஒரு வருடத்துக் கடற்காற்றுத் துரு. அதனால் சில்லுக்கென்று எடுத்தால் இறுக்கும் வலு 300-ஐத் தொடும் அரை இஞ்சி ரென்ச்சைத்தான் எடுக்க வேண்டும். 1000 தரும் பெரிய ரென்ச் கராஜுக்கு உரியது. சொந்த வேனுக்கு அது அதிகம், இறுக்கும்போது ஆபத்தும்கூட. ஒரு குறிப்பிட்ட நட்டு கழலுமா என்று நேரில் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது. துரு ஏறிய நட்டுக்கு எந்தப் பெட்டி எண்ணும் உத்தரவாதம் இல்லை.

சொக்கெட் விஷயத்தில் சமரசம் வேண்டாம். பளபளக்கும் குரோம் சொக்கெட் கையால் திருப்ப மட்டும். அது அடிக்கு வெடித்துச் சிதறும். இம்பாக்ட்டுக்கென்று செய்த கறுப்புச் சொக்கெட் கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும் உருக்கு. டொயோட்டாவுக்கும் நிசானுக்கும் பெரும்பாலும் 21, ஹொண்டாவுக்கும் சுசுகிக்கும் 19. அலோய் ரிம் என்றால் வெளியே பிளாஸ்டிக் உறை போட்ட மெல்லிய சுவர்ச் சொக்கெட். நீட்டுக் கம்பியைத் தேவை இல்லாமல் இடையில் போடாதீர்கள், மெல்லிய அடப்டரின் கழுத்தைப் போல அதுவும் முறுகி அடியைத் தின்னும்.

கழற்றும் முறை: வண்டி தரையில் நிற்கும்போதே, ஜாக் ஏற்றுமுன், கை பிரேக் போட்டு எதிர்ச் சில்லுக்குக் கட்டை வையுங்கள். முழுச் சார்ஜ் பற்றரி, நட்டில் முழுதாக ஏறிய சொக்கெட், பின்னால் இருந்து நேராக அழுத்தம். ஐந்து விநாடி அடியுங்கள். அசையாவிட்டால் ஒரு விநாடி இறுக்கும் திசையில் அடித்துவிட்டுத் திரும்பக் கழற்றுங்கள், துருவின் பிடி அதில் பல வேளை உடையும். அதற்கும் மசியாவிட்டால் துரு இளக்கும் எண்ணெய் விட்டுக் கால்மணி நேரம் பொறுங்கள். எண்ணெய் பிரேக் டிஸ்க்கில் படக் கூடாது. அதன்பிறகும் இல்லை என்றால் கையால் திருப்பும் நீண்ட பாரைத்தான் எடுக்க வேண்டும். பத்து இருபது விநாடி விடாமல் அடிப்பதால் நட்டு கழலாது, மெஷினின் மூக்குதான் கொதிக்கும்.

இறுக்கும்போதுதான் கூடுதல் சேதம் நடக்கிறது. ஒவ்வொரு நட்டையும் முதலில் விரலால் மூன்று சுற்றாவது ஏற்றுங்கள். விரலுக்கு ஏறாத நட்டு புரி மாறி நிற்கிறது, அதை மெஷின் ஏற்றிவிடும், அடுத்த முறை ஸ்டட்டோடு (நட்டு ஏறும் புரித் தண்டு) கழன்று வரும். பிறகு மெஷினின் ஆகக் குறைந்த வேகத்தில், ரிம்மில் நட்டு உட்காரும்வரை மட்டும், எதிரெதிராக. கடைசி இறுக்கம் இறுக்கும் வலுவை அளந்து காட்டும் டோர்க் ரென்ச்சால், வண்டியை இறக்கிய பிறகு. 50 முதல் 100 கிலோமீற்றர் ஓடியபின் மறுபடி ஒருமுறை பாருங்கள். புரியில் கிரீஸ் பூசி இறுக்காதீர்கள். அதே எண்ணில் ஸ்டட் இன்னும் அதிகமாக இழுபடும். அளவுக்கு மிஞ்சி அடித்தால் ஸ்டட் நீண்டுவிடும், சமமில்லாமல் இறுகினால் டிஸ்க் கோணி, பிரேக் அழுத்தும்போது ஸ்டியரிங் நடுங்கும். லொறிச் சில்லு இந்தப் பேச்சில் சேராது. அதற்கு முக்கால் இஞ்சி, ஒரு இஞ்சிச் சதுரம் வேண்டும். பழைய ஜப்பான் லொறிகளின் இடப்பக்கச் சில்லில் புரி இடப்பக்கமாக ஓடும் என்பதையும் மறக்கக் கூடாது. அதைத் தெரியாமல் கழற்றப் போய் இறுக்குகிறவர்கள் உண்டு.

ஆகவே உங்களுக்கு? ஒரே 18 வோல்ட் பற்றரியில் ஓடும் இரண்டு மெஷின் என்பதுதான் என் முடிவு: 170 நியூட்டன் மீற்றரைச் சுற்றி உள்ள, வேகம் மாற்றக்கூடிய, மோட்டாரில் கார்பன் பிரஷ் இல்லாத ட்ரைவர் ஒன்று, 280 முதல் 340-க்குள் அரை இஞ்சி ரென்ச் ஒன்று. பற்றரி இரண்டு, அதில் ஒன்றாவது பத்துச் செல். இன்றைக்குக் காசு இல்லை என்றால் ட்ரைவரை மட்டும் எடுத்து, சில்லுக்கு ஒரு நீண்ட பாரை வைத்துக்கொள்ளுங்கள். ரென்ச்சின் உடலை மட்டும் பிறகு வாங்கலாம். இரண்டையும் ஒன்றாகத்தான் வேண்டுமென்றால், ஒரே மூக்கில் உள்ளே கால் இஞ்சி அறுகோணமும் வெளியே அரை இஞ்சிச் சதுரமும் உள்ள மெஷின் உண்டு. பொஷ் ஜி.டி.எக்ஸ். 18வி-200 அப்படிப்பட்டது, 200 நியூட்டன் மீற்றர். கைநூல் அளவில் இறுக்கிய நட்டுக்கு அது போதும், ரயர் கடை இறுக்கிய நட்டில் சில வேளை தோற்கும்.

பென்ட்ரி வேலை மட்டும் என்றால் 12 வோல்ட்டைத்தான் எடுக்கச் சொல்வேன். அலுமாரிக்குள் தலையையும் மெஷினையும் சேர்த்து நுழைக்க வேண்டியவருக்கு அதன் குட்டை உடல் பெரிய வரம். ஆனால் நாளைக்கு அதே பற்றரியில் கிரைண்டரும் கொங்கிரீட் ட்ரில்லும் வேண்டும் என்று நினைத்தால் 12 வோல்ட்டில் கைவிரிப்பார்கள். 40 வோல்ட் நல்ல வரிசைதான், ஆனால் அதன் பற்றரி 18 வோல்ட் மெஷினில் ஏறாது. முக்கால் இஞ்சி ரென்ச்சும் பெரிய கிரைண்டரும் நாள் முழுக்க ஓடும் இடத்துக்கு அது. கூரைத் திருகாணிக்கு அதை எடுப்பது கோழி அடிக்கக் குறுந்தடி தேடிப் போனவன் உலக்கையோடு வந்த கதை.

ஜப்பானில் இருந்து வரும் பாவித்த மெஷின்கள் உடல் தரத்தில் நல்லவை, ஆனால் இரண்டைப் பார்த்து வாங்குங்கள். அவற்றோடு வரும் சார்ஜர் 100 வோல்ட்டுக்குச் செய்தது. நம் 230 வோல்ட் பிளக்கில் நேராகச் செருகினால் அந்த நிமிடமே போய்விடும், 100 வோல்ட்டுக்கு இறக்கும் ட்ரான்ஸ்போமர் வேண்டும். இரண்டாவது, அவற்றில் பல 14.4 வோல்ட், அதாவது நாலு செல். 18 வோல்ட் பற்றரி அதில் ஏறாதபடி பள்ளங்கள் வேறு மாதிரி வெட்டியிருக்கும். பாவித்த மெஷினைக் கையில் எடுத்ததும் மூக்கைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். சுழற்சியில் கொஞ்சம் ஆட்டம் இயல்பு, பக்கவாட்டில் தெளிவாக ஆடினால் முன் புஷ் தேய்ந்துவிட்டது. மூக்கைச் சுற்றிக் கிரீஸ் கசிந்து கறுத்திருந்தால் அடித்துச் சூடேற்றியிருக்கிறார்கள். ட்ரிகரை மயிரிழையாக அழுத்தினால் மெதுவாகவும், முழுதாக அழுத்தினால் வேகமாகவும் சீராகப் போக வேண்டும். எரிந்த வார்னிஷ் மணம் வந்தால் விலை பேசாமல் திரும்பி வாருங்கள்.

வாங்கியபின் பற்றரியை வெயிலில் நிறுத்திய வேனுக்குள் விடாதீர்கள். கொழும்பு மத்தியானத்தில் பூட்டிய வண்டிக்குள் 60 பாகை ஏறும், லித்தியம் செல்லின் ஆயுளைத் தின்பது அந்தச் சூடுதான். கூரையில் இருந்து இறக்கிய கையோடு சுடச்சுடச் சார்ஜரில் மாட்டாமல் நிழலில் அரை மணி நேரம் ஆற விடுங்கள். நல்ல சார்ஜர் தானே பொறுத்திருக்கும், மலிவானது பொறுக்காது. வாரக்கணக்கில் வேலை இல்லை என்றால் பாதிச் சார்ஜில் மெஷினில் இருந்து கழற்றி வையுங்கள். கடலோர வீட்டில் பற்றரிக் கால்களில் பச்சைப் படிவு வருகிறதா என்று மாதம் ஒருமுறை பார்த்து, உலர்ந்த துணியால் துடையுங்கள். கூரைத் தகட்டின் மேல் இது 100 டெசிபெல்லை ஒட்டிச் சத்தம் போடும், காதுக்கு அடைப்பான் இல்லாமல் ஏறாதீர்கள்.